மண் பார்த்துக்கொண்ட வேலை

சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் அப்போது மண்ணைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கிடையாது. கோடையில் ஏரி வற்றியதும் மாட்டுவண்டி கட்டி வண்டல் அடிப்பார்கள். வயலுக்குப் போனது போக, வீட்டுக் கொல்லைகளுக்கும் நாலு கூடை வந்து விழும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இங்கே குடிவந்தபோது, மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில் பாதி தூரம் நெல்வயல்தான். இப்போது அதே சாலையோரம் செம்மண் மூட்டை மூட்டையாக விற்பனைக்கு நிற்கிறது. வண்டல் படிந்த பூமியின் மேல் வீட்டைக் கட்டி, அதன் மொட்டை மாடியில், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னைநார்க் கட்டியை ஊறவைத்துப் பையில் கொட்டிக் கத்தரி வளர்க்கிறோம்.

போன காலத்தை நினைத்து உருகுவதற்காக இதைச் சொல்லவில்லை. மாடியில் செடி வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் முக்கால்வாசிக்குப் பதில் இந்த மாற்றத்துக்குள்தான் இருக்கிறது. இலை சுருண்டுவிட்டது, பிஞ்சு உதிர்கிறது, நுனி கருகுகிறது என்று வருவார்கள். "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பார்கள். எனக்கு முதலில் தோன்றும் கேள்வி வேறு. தரையில் இருந்திருந்தால் இந்தச் செடிக்கு மண் என்ன செய்து கொடுத்திருக்கும்? பையில் அந்த வேலையை யார் செய்வது?

எங்கள் எதிர்வீட்டில் ஓர் ஆயா இருந்தார். தெருவில் யார் வீட்டுச் செடிக்கு என்ன வந்தாலும் இலையைக் கிள்ளிக்கொண்டு அவரிடம்தான் ஓடுவோம். அவருடைய வைத்தியங்கள் கொஞ்சம்தான். அவரைக்கொடியில் அசுவினி அப்பினால், விடியற்காலை ஈரத்தோடு இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். கறிவேப்பிலை வெளிறினால் புளித்த மோர். மழை விட்டதும் முருங்கைத் தண்டில் கும்பலாக ஒட்டிக்கிடக்கும் கம்பளிப்பூச்சிக்குத் தீப்பந்தம். பூச்சி என்று யார் போய் நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "எறும்பு ஏறுதா பாத்தியா?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் முழுசாகச் செல்லுபடியாகும். சாம்பல் அப்படியில்லை. காஸ் அடுப்பு வந்தபிறகு வீட்டில் சாம்பலே கிடையாது. ஆனாலும் பழைய பேச்சை நம்பி எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்து பையில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாம்பலில் சாம்பல்சத்து இருக்கிறது, காரமும் இருக்கிறது. கொல்லையில் தூவியதை அடுத்த மழை கரைத்து ஊருக்கெல்லாம் பங்கு போட்டுவிடும். ஒரு கன அடி பையில் அது போக இடமில்லை. இங்கே ஊற்றுகிற போர் தண்ணீரும் பெரும்பாலும் காரமானது. காரம் ஏற ஏற, மண்ணில் இருக்கும் இரும்புச்சத்து கூட வேருக்கு எட்டாமல் போகும். கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான். அதைப் பார்த்து "சத்துக் குறைவு" என்று இன்னும் ஒரு பிடி சாம்பல் போடுகிறார்கள். ஆயாவின் மோர் மட்டும், பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால், இந்த இடத்துக்கும் பொருந்துகிறது. புளிப்பு அந்தக் காரத்தைக் கொஞ்சமாவது தணிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் தண்ணீரில்தான். அப்போது உறைகிணற்றில் கை நீட்டும் ஆழத்தில் நீர் கிடந்தது. இன்று எங்கள் தெருவில் போர் எத்தனை அடி என்பதில் ஒருவருக்கொருவர் போட்டி. வருகிற தண்ணீர் உப்பு. கோடையில் டேங்கர் லாரி. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது அரிசி களைந்த நீரைச் சேர்த்துவைத்தே செடிகளைப் பிழைக்க வைத்தோம்.

உப்புத்தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் தண்ணீரைச் செடி குடிக்கிறது, வெயில் குடிக்கிறது. உப்பை யாரும் குடிப்பதில்லை. அது பையிலேயே தங்குகிறது. சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள். தரையில் தங்கிய உப்பை அந்த மழைதான் ஆண்டுதோறும் கழுவிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. மாடியில் நாம் மழை வந்ததும் பைகளைத் தகரக் கூரைக்கு அடியில் நகர்த்துகிறோம். பையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிகிறது, இலையின் நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகுகின்றன, செடி வளராமல் குந்திவிடுகிறது. பூசணம் என்று நினைத்து மருந்தடித்துப் பயனில்லை. நல்ல மழையில் பையைத் திறந்தவெளியில் வைத்து, அடியில் நீர் தாராளமாக ஒழுகும்வரை நனையவிடுவதுதான் சிகிச்சை. மழை இல்லாத மாதங்களுக்கு டிரம்மில் பிடித்துவைத்த மழைநீர். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை, அதைப் போர் தண்ணீரோடு கலந்துகொள்ளலாம். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் நீர் நேர்மாறு: நாம் குடிக்காமல் பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அதைச் செடிக்கு ஊற்றுகிறவர்களிடம் தரையைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிச் சொல்கிறேன். தென்னைநார்க் கட்டியிலும் உப்பு உண்டு. ஊறவைத்து, செங்காவித் தண்ணீர் தெளிகிறவரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே பையில் இட வேண்டும்.

மழைக்காலத்தில் இதற்கு எதிர்ப்பக்கம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தெருவில் வெள்ளம் நின்றதை எல்லாரும் பார்த்தோம். மாடியில் ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சின்ன வெள்ளம் நின்றதைப் பார்த்தவர்கள் குறைவு. அடித்துளை வேரால் அடைத்துக்கொள்ளும், அல்லது பை தட்டோட்டின் மேல் அப்பி உட்கார்ந்து துளையை மூடிக்கொள்ளும். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும்போது இலை தொங்குகிறது. அது தாகத்தில் தொங்குவதைப் போலவே இருப்பதால் இன்னும் தண்ணீர் ஊற்றப்படுகிறது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒவ்வொரு பைக்கும் அடியில் செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள், தளத்துக்கும் நல்லது.

ஆயாவின் எறும்புக்கு வருகிறேன். செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி வரும்போது, எறும்பு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தால் பாதிக் காரணம் எறும்புதான். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சிக்கு எதை அடித்தாலும் திரும்ப வரும். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, கொசு முட்டையிடாமல் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் எறும்பு ஏறாது. அதிகம் அப்பிய கிளையை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் அடித்துக் கழுவி, பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. மாலையில்தான் தெளிக்க வேண்டும். வேம்பின் வீரியம் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். காலை பத்து மணிக்குத் தெளித்துவிட்டு "வேப்பெண்ணெய் கேட்கவில்லை" என்பதில் நியாயமில்லை.

மாவுப்பூச்சியைப் பற்றி இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இங்கே அதைத் தின்ன எவரும் இல்லாததால் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எங்கள் தெருப் பப்பாளிகளும் வெள்ளையடித்து நின்றன. மண்ணெண்ணெய், சோப்புத்தூள், கடைக்காரர் கொடுத்த பெயர் தெரியாத புட்டி எல்லாம் ஊற்றிப் பார்த்தார்கள். பூச்சியின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் ஒன்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெருக்கி விட்டன. அவற்றில் நன்றாக வேரூன்றியது அசெரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும்; புழு உள்ளிருந்தே அதைத் தின்று முடிக்கும். சில மாதங்களில் தோட்டங்கள் தெளிய ஆரம்பித்தன. அந்தக் குளவிகளின் வாரிசுகள் இன்றும் நம் பப்பாளிகளில் இருக்கின்றன. அதனால்தான் கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள் என்று குரலை உயர்த்திச் சொல்கிறேன். பூச்சிக்கொல்லி முதலில் கொல்வது இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டாளியைத்தான். மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி பிழைத்துக்கொள்ளும்.

மாடி உயர உயர இன்னொரு சிக்கல். சுரைக்கொடி தழைக்கிறது, பூக்கிறது, பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி விழுகிறது. அன்று கூரை மேல் ஏறிய சுரைக்கு இரவு விட்டில் வந்தது, பூசணிக்கு விடியலில் தேனீ வந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. ஐந்தாவது மாடிக்கு அவை வருவது நிச்சயமில்லை. காம்பில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. வெறும் காம்போடு இருப்பது ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். நேரம் முக்கியம்: சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும், பூசணியும் பாகலும் காலையில். ஆரம்பத்தில் ஆண் பூ மட்டுமே வரும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

அரசின் தோட்டக்கலைத் துறை 2021-22இல் ரூ.900 மதிப்புள்ள மாடித்தோட்டத் தொகுப்பை மானியத்தில் ரூ.225க்குக் கொடுத்தது. ஆறு பைகள், தென்னைநார்க் கட்டிகள், விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய், கையேடு. நல்ல யோசனை அது. பட்டியலைக் கவனித்தால், மண் செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பொட்டலம் கட்டியதுதான்: தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா, மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியா, வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சை. அவற்றைக் கட்டாந்தரையில் காயவைத்தோ ரசாயன மருந்தோடு கலந்தோ கொன்றுவிடாமல், மக்கிய தொழுவுரத்தில் கலந்து நிழலில் ஈரமாக வைத்துப் போட வேண்டும்.

பொட்டலம் கட்ட முடியாதது வெயில். எங்கள் பகுதியிலுள்ள எழில் நகரின் எட்டு மாடிக் குடியிருப்புகளில், அடையாறு, கூவம் கரைகளிலிருந்து இடம்மாற்றப்பட்டு வந்தவர்கள் பால்கனிக் கம்பியோரம் பெயின்ட் வாளிகளில் கற்பூரவல்லியும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறார்கள். அங்கே ஓர் அக்கா மிளகாய் காய்க்கவில்லை என்று கேட்டார். நாளில் மூன்று மணி நேர வெயில்தான் அந்தப் பால்கனிக்கு. காய்க்கிற செடிக்கு ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். எந்த உரமும் அதை ஈடுகட்டாது. கீரை போடச் சொன்னேன். சிறுகீரை, பசலை, புதினா எல்லாம் நன்றாக வந்தன.

போன ஐப்பசியில் மறுபடி கூப்பிட்டார். பசலை இலையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகிறதாம். பகலில் ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லையாம்.

"ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா? நத்தையா இருக்கும்."

"ஆறாவது மாடிக்கு நத்தை எப்படிங்க ஏறும்?"

"ஏற வேணாம். சமீபத்துல புதுசா ஏதாவது செடி வாங்கினீங்களா?"

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு மல்லிச்செடி வாங்கியிருந்தார். அதன் மண்கட்டியோடு முட்டை வந்திருக்கலாம். ஆப்பிரிக்கப் பெருநத்தையை 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் பென்சன் என்பவர்; அங்கே அது ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. அன்றிலிருந்து தொட்டி மண்ணோடும் சரக்கோடும் அது ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறது. உப்பை மண்ணில் கொட்ட வேண்டாம், செடி செத்துவிடும் என்றேன். ஈரச் சாக்கை மடித்து, உள்ளே பப்பாளித் தோலோ முட்டைக்கோஸ் இலையோ வைத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் இரவு வைக்க வேண்டும். காலையில் சாக்குக்கு அடியில் கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாமல், கையில் பிளாஸ்டிக் உறை மாட்டி எடுத்து உப்புத்தண்ணீர் வாளியில் போட வேண்டும், ஏனென்றால் மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழு அதில் இருக்கக்கூடும். கீரையைச் சமைக்குமுன் நன்றாகக் கழுவி வேகவைக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. "அண்ணா, நாலு இருந்துச்சு. மல்லித் தொட்டி மண்ண மொத்தமா கொட்டிப் பாக்கட்டுமா?"

"பாருங்க. முத்து மாதிரி வெள்ளையா முட்டை இருந்தா நசுக்கிடுங்க. மண்ண ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சிட்டு திரும்ப ரொப்புங்க."