கெலுகோரில் இருந்தபடியே ஆங்கிலம் கற்காமலிருப்பது எப்படி?

பினாங்கின் கெலுகோரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆங்கிலம் வழிமறிக்கும். மிண்டன் வளாகத்தில், 1969இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். கிரீன் லேனில், 1816இல் பிறந்த பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். அதே சாலையில் 2016இல் திறந்த மின்னியல் நூலகம். போதாததற்குக் கைப்பேசியில் காசில்லாப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. இத்தனையையும் தாண்டி ஆங்கிலம் வராமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை. சில யோசனைகள்:

1. முதலில் சேகரியுங்கள். பிபிசி, பிரிட்டிஷ் கவுன்சில், யூடியூப் என்று கண்ணில் பட்ட இணைப்பையெல்லாம் சேமியுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்புங்கள். அனுப்பியதுமே பாதி படித்த நிறைவு வந்துவிடும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. அடுத்து, உங்கள் நிலையைச் சோதியுங்கள். பிரிட்டிஷ் கவுன்சில் தளத்தில் இலவசத் தேர்வு இருக்கிறது. ஏ1 அடிப்படை, சி2 உச்சம். ஏ2 என்று வந்தால் மனம் தளராதீர்கள். பி2 தரும் தளம் கிடைக்கும்வரை வேறு தளங்களில் எழுதிக்கொண்டே இருங்கள். ஏ2 பாடத்தை மட்டும் திறந்துவிடாதீர்கள். அது புரிந்து தொலைக்கும்.

3. நேரமில்லை என்று சொல்லிப் பழகுங்கள். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' ஆறே நிமிடம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறவர் காலை நெரிசலில் இரண்டு மூன்று கேட்டுவிடலாம். அந்த நேரத்தை முன்னால் போகும் லாரியைத் திட்டுவதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முழு எழுத்துவடிவம் தளத்திலேயே உண்டு. வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டால், காதில் தப்பிய சொற்கள் பிடிபடும். தவிர்க்கவும்.

4. எளிமையை இகழுங்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1,500 சொற்கள், சின்ன வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு. "இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று தள்ளிவிட்டு, குட்டன்பர்க் இலவச நூல் தளத்தில் ஷேக்ஸ்பியரை இறக்குங்கள். முதல் பக்கத்திலேயே தூக்கம் உறுதி.

5. செயலியின் மனம் கோணாமல் நடந்துகொள்ளுங்கள். டுவோலிங்கோவில் நாள்கணக்கு அறுந்துவிடக் கூடாது. நள்ளிரவுக்குச் சற்றுமுன், ஏற்கெனவே தெரிந்த பாடத்தையே தட்டித் தப்பியுங்கள். கணக்கு வளரும், ஆங்கிலம் அப்படியே இருக்கும்.

6. இலக்கணம் முழுதாக முடியும்வரை வாய் திறவாதீர்கள். மூயட் ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கென்றே ஒரு தாள் இருப்பதை மறந்துவிடுங்கள். பேசியே தீரவேண்டுமென்றால், கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் உங்கள் உச்சரிப்பைத் திருத்தும் அத்தை மகனிடம் பேசுங்கள். பிறகு சில ஆண்டுகளுக்குப் பேசத் தோன்றாது.

7. கடைசியாக, மிக முக்கியமானது: ஹொக்கியன் மொழி உங்களுக்கு எப்படி வந்தது என்று யோசிக்கவே கூடாது. தாமான் துன் சார்டோன் சந்தையில் மீன் விலை கேட்கும்போது நீங்கள் எந்தச் செயலியைப் புரட்டினீர்கள்? தொனி பிசகினால் மீன்காரர் சிரித்தார்; நீங்களும் சிரித்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். மலாயும் ஏறக்குறைய அப்படித்தான் வந்தது. அங்கே யாரும் மதிப்பெண் போடவில்லை, நீங்களும் கூசவில்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் மானத்தைப் பணயம் வைப்பதால்தான் அது இன்றுவரை உங்களை அண்டாமல் இருக்கிறது. இதை யோசித்துவிட்டால் மேலே சொன்ன ஆறும் வீண்.

இவ்வளவுக்குப் பிறகும் கற்றே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: சேமித்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். இன்றிரவு ஆறு நிமிடம் கேளுங்கள். எழுத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை. கேட்டதை நாளை பசியாறும்போது உடன் வேலை செய்பவரிடம், வருகிற ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாகச் சொல்லுங்கள். பாடம் தர பிபிசி இருக்கிறது. வாயை நீங்கள்தான் திறக்க வேண்டும்.