மீனிலிருந்து எட்ட எட்ட: வெப்பக் கடல் தூண்டில் கருவிகள் பற்றிய சிற்றாராய்ச்சி

பஹாமாஸ் நாட்டின் 10 சென்ட் நாணயத்தில் இரண்டு போன்ஃபிஷ் மீன்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரு மீனின் மதிப்பு, அரசு முத்திரையோடு, 5 சென்ட். அந்நாட்டு டாலரும் அமெரிக்க டாலரும் சமம். இதே மீனைப் பிடிப்பதற்கென்று விற்கிற உயர்ரகத் தூண்டில் கோல் ஒன்றின் விலையோ 1,000 டாலரை ஒட்டி நிற்கிறது. கோல் ஒன்றுக்கு மீன் 20,000 என்பது நாணயவழிக் கணக்கு. பிடித்தவர்களில் பெரும்பாலோர் மீனைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுவதால், முதல் மீனின் 5 சென்ட் கூட வரவில் ஏறுவதில்லை. இம்முரணுக்குக் காரணம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் ஆண்ட்ரோஸ். பஹாமாஸ் தீவுகளில் அதுவே பெரியது. கணுக்காலோ முழங்காலோ நனையும் அளவுக்கே தண்ணீர் நிற்கும் மணல் வெளிகளும் அலையாத்திக் காடுகளும் அங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் உண்டு. திணை நெய்தல் என்பதில் ஐயமில்லை. பொழுதுதான் இடிக்கிறது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் வேளை. இங்கேயோ மீனைக் கண்ணால் கண்ட பிறகே தூண்டில் வீச வேண்டும், அதற்கு வெயில் ஏறி நிற்க வேண்டும். எனினும் உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கலாம் என்று இலக்கணமே இடம் தந்திருக்கிறது. உரிப்பொருள் இங்கும் இரங்கல்தான். அதில் மயக்கமில்லை.

இனிக் கருவி. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நூல் பின்னால் போகும். போன்ஃபிஷுக்கு வீசும் ஃப்ளை தூண்டிலில் இது தலைகீழ். முள்ளின்மேல் இறகும் மயிரும் சுற்றிய அந்த ‘ஃப்ளை’க்கு வீசத் தக்க எடை கிடையாது. எடையெல்லாம் பூச்சு பூசிய தடித்த நூலில் இருக்கிறது. நூலை வீசினால் ஃப்ளை ஒட்டிக்கொண்டு போகிறது. ஆதலால் நூலுக்குத்தான் எண். அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் வகுத்த அட்டவணைப்படி, நூலின் முதல் 30 அடி 210 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 13.6 கிராம் இருந்தால் அது 8ஆம் எண். கோல் அந்த எண்ணுக்குப் பொருந்த வேண்டும். போன்ஃபிஷுக்கு 8, பெர்மிட் என்ற பாரைக் குடும்பத்து மீனுக்கு 10, ஆள் உயரம் வளரும் டார்ப்பனுக்கு 11 அல்லது 12 என்பது மரபு.

போன்ஃபிஷ் வலிய மீனாதலின் 8 வேண்டிற்று என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. இரண்டு கிலோ மீனை 6ஆம் எண்ணாலும் அடக்கலாம். அடங்காதது காற்று. ஓயாமல் வீசும் வாணிபக் காற்றை எதிர்த்து நூலைச் செலுத்தும் எடைக்காகவே 8. எனவே கோல், மீனைக் கருதாது காற்றைக் கருதித் தேரப்படுகிறது என்பது பெறப்படும்.

நூலைத் தேர்வதோ வெயிலைக் கருதி. குளிர்நாட்டு ட்ரவுட் ஆறுகளுக்குச் செய்த நூல் வெப்பக் கடலில் துவண்டுபோய், கோலின் வளையங்களில் ஒட்டி, படகின் தளத்தில் சிக்கலாகக் கிடக்கும். வெப்பக் கடலுக்கென்று உள்ளே விறைத்த இழையும் வெளியே கடினமான பூச்சும் வைத்துத் தனியாகச் செய்கிறார்கள். அதை ஸ்காட்லாந்து ஆற்றுக்குக் கொண்டுபோனால் சுருள் சுருளாக நின்று ஒரே நாளில் பழிவாங்கிவிடும். ஆக, இரண்டு நூல் வாங்க வேண்டும். கடைக்காரர்களின் இரங்கல் இவ்வாறு நீங்குகிறது.

ரீலுக்கு வருவோம். சிறு ட்ரவுட் பிடிப்பவர்களுக்கு ரீல் என்பது நூல் வைக்கும் இடம், அவ்வளவே. போன்ஃபிஷ் முள் தைத்ததும் நூறு மீட்டர் ஓடும். ஆகவே 100 அடி நூலுக்குப் பின்னால் 200 கஜம் டேக்ரான் இழையும், ஓட்டத்தைச் சீராக இழுத்துப் பிடிக்கும் பிரேக்கும் வேண்டும். தக்கை வில்லையை உலோகத்தின்மேல் அழுத்தும் பழைய முறை இன்றும் மதிப்பிழக்கவில்லை. உப்பு உள்ளே புகாமல் அடைத்த பிரேக்குக்கு விலை கூடுதல். இவையெல்லாம் நியாயமானவை. ஆனால் மீன் ஓடும்போது ரீல் எழுப்பும் அலறலுக்கு என்ன நியாயம்? சத்தமில்லாத ரீல் செய்வது எளிது; வேண்டுமென்றே உள்ளே ஒரு கிளிக்கை வைத்துச் செய்கிறார்கள். அந்தச் சத்தத்தால் மீனுக்கு ஒரு பயனும் இல்லை. பக்கத்துப் படகில் இருப்பவருக்கு உண்டு.

ஃப்ளையைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது தகும். இதுவரை கண்ட கருவிகளில் மீனின் வாயைக் கருதிச் செய்தது இது ஒன்றே. 1977இல் பாப் நௌஹைம் என்ற அமெரிக்கர், ஆண்ட்ரோஸில் சார்லி ஸ்மித் என்ற வழிகாட்டியோடு மீன்பிடித்த காலத்தில் பிறந்தது ‘கிரேஸி சார்லி’. இறால் குஞ்சின் சாயல்; தலையில் இரண்டு மணிக்கண்கள். அந்தக் கண்கள் குண்டுமணிச் சங்கிலியில் வெட்டிய இரண்டு மணிகள். அவை பார்ப்பதற்கல்ல, மூழ்குவதற்கு. அவற்றின் எடையால் முள் தலைகீழாகத் திரும்பி, முனை மேல்நோக்கி நிற்கும், தரைப் புல்லில் மாட்டாது. தண்ணீர் ஆழமானால் மணிக்குப் பதில் ஈயக்கண். மீன் கணுக்கால் தண்ணீரில் தலைகுப்புற மேய்ந்து வாலை வெளியே காட்டும்போது ஈயக்கண் ‘தொபுக்’ என்று விழுந்தால் அங்கே வாலும் இராது, மீனும் இராது.

பெர்மிட்டுக்கு நண்டுதான் உயிர். டெல் பிரவுன் என்பவர் அமைத்த ‘மெர்க்கின்’ என்ற நண்டு ஃப்ளையின் உடம்பு கம்பளம் பின்னும் நூல். இந்தக் கம்பள நண்டை வைத்து, ஒன்று பிடித்தாலே ஊரைக் கூட்டிச் சொல்லும்படியான அந்த மீனை, அவர் தம் வாழ்நாளில் ஐந்நூறுக்கு மேல் பிடித்தார். கம்பளத்தின் மீதி என்னவாயிற்று என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இவ்விடத்தே விலைகளை நிரல்படுத்திக் காண்க. மீனின் வாய்க்குள் போகும் ஃப்ளை சில டாலர். அதை நூலோடு இணைக்கும் தங்கூசி முழக் கணக்கில் சில்லறை. அதற்கடுத்த நூல் நூறு டாலர் அளவில். ரீல் பல நூறு. கைப்பிடியில் கோல் ஆயிரம். ஆண்ட்ரோஸுக்குப் போகும் விமானம், மீனிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் தொடங்குவது, எல்லாவற்றுக்கும் மேல். இதனை இவ்வாறு நூற்பா ஆக்கலாம்:

மீனொடு நெருங்கின் விலைசிறி தாகும்;
மீனின் அகல அகல மிகுமே.

மூக்கின்மேல் ஏறும் போலராய்டு கண்ணாடி நூலைவிடவும் விலை கூடியதாயிற்றே, அது எங்ஙனம் எனின், கண்ணாடி நூலினும் மீனுக்குச் சேய்மையில் உள்ளதாதலின் விதி பொருந்தும் என்க. நீரின் மேற்பரப்புக் கூசொளியை அது அறுத்துவிடுவதால், இல்லாதது போலிருந்த மீனின் நிழலாவது தரையில் தெரிகிறது. என் தீர்ப்பைக் கேட்டால், கோலில் மிச்சம் பிடித்துக் கண்ணாடியில் செலவழிக்கலாம். ஆனால் இக்கட்டுரையைக் கோல் வாங்கிய பின் படிப்பவர்களே மிகுதி.

விதிக்குப் புறனடை ஒன்று உண்டு. படகோட்டியின் கண். அது மீனுக்கு வெகு தொலைவில், படகின் பின்புற மேடைமேல், ஓடக்கோல் ஊன்றி நிற்கிறது, எக்கடையிலும் விற்பனைக்கில்லை. நாள் கூலிக்கு வாடகையாகக் கிடைக்கும். படகின் மூக்கைப் பன்னிரண்டு மணியாகக் கொண்டு, “பத்து மணி, ஐம்பது அடி” என்று அது அறிவிக்கும். ஆயிரம் டாலர் கோலுக்குச் சொந்தக்காரர் இரண்டு மணிப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தப் படகுகளின் தலைசிறந்த பயனை அடைந்தவர் கோலே கொண்டுவராதவர். 1964இல் மார்ட்டின் லூதர் கிங் பஹாமாஸின் பிமினி தீவுக்கு வந்தபோது, ஆன்சில் சாண்டர்ஸ் என்ற போன்ஃபிஷ் வழிகாட்டி அவரை அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துச் சென்றார். மீன்பிடிக்க அல்ல, நோபல் பரிசு ஏற்புரை எழுத. கருவி: பேனா, தாள்.

எஞ்சியது, மீன் ஃப்ளையை வாயில் கவ்வும் நொடி. ட்ரவுட் பிடித்துப் பழகிய கை உடனே கோலை மேலே தூக்கும். தூக்கினால் ஃப்ளை மீனின் வாயை விட்டு எகிறிப்போகும், மீன் அடுத்த தீவுக்குப் போகும். இங்கே கோலை மீனுக்கு நேராக நீட்டி அசையாமல் வைத்துக்கொண்டு, இடது கையால் நூலை நீளமாக வெடுக்கென்று இழுக்க வேண்டும். அப்போதுதான் முள் தைக்கும். அதாவது எந்த நொடிக்காக இவ்வளவும் வாங்கினோமோ, அந்த நொடியில் கோலுக்கு வேலை கிடையாது. வழிகாட்டிகள் இதைப் படகு ஏறும்போதே சொல்கிறார்கள். இரங்கற்பாடல்கள் இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

நூற்பாவை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோய்ச் சோதிக்காமல் விடுவது ஆய்வு நெறியன்று. மீனுக்கும் கருவிக்கும் உள்ள தொலைவைச் சுருக்கிக்கொண்டே போனால் கோல் கழன்றுவிடும், ரீல் கழன்றுவிடும், கையில் சுற்றிய நூல் மிஞ்சும். பஹாமாஸ் மக்களிடம் இம்முறை முன்பிருந்தே உண்டு. அவர்கள் போன்ஃபிஷைத் திரும்ப விடுவதில்லை. முதுகைப் பிளந்து, முள் நிறைந்த அந்த உடம்பில் உப்பும் மிளகாயும் எலுமிச்சைச் சாறும் தடவி, அடுப்பில் சுட்டு உண்கிறார்கள். செலவுக் கணக்கு: தூண்டில் முள் ஒன்று, தங்கூசி கொஞ்சம், உயிர் நண்டு ஒன்று, மிளகாய் ஒன்று, எலுமிச்சை இரண்டு.