இலவசப் பள்ளிக்கூடம்

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கக் கால் காசு செலவில்லை என்கிறார்கள். உண்மைதான். கான் அகாடமி கணக்குச் சொல்லித்தரும். என்சிஇஆர்டி பாடநூல்கள் பிடிஎஃப்பாக இறங்கும். மதுரைத் திட்டம் என்ற மின்னூலகம் 1998 முதல் சங்க இலக்கியத்தையே சும்மா தருகிறது. இறக்கியதை அச்செடுக்க ஒரு பிரிண்டர், அதன் மைக்கு மாதாமாதம் தட்சணை, பையனுக்கு ஒரு டேப்லெட். ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டதால் அப்பா இன்னொன்று வாங்குகிறார். பையனோ பின்னக் கணக்கு வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டு, யூடியூப் அடுத்து நீட்டியதற்குத் தாவிவிட்டான். பள்ளிக் கட்டணத்தில் “டேய், இங்கே பார்” என்று அதட்டும் டீச்சரும் அடக்கம். அதற்கு இணையத்தில் லிங்க் கிடையாது. அந்த வேலைக்கு அம்மா இருக்கிறார், அவரும் இலவசம்.