வாய் திறக்காத வரலாறு

அமெரிக்காவின் தேசிய மானுடப்புல நிதியகம் 1965-இல் பிறந்தது. ஊர் நூலகம், அருங்காட்சியகம், பாட்டிமார் நினைவுகளின் ஒலிப்பதிவு என்று பணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் புத்தி வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நல்கைகள் ரத்து; அதே மாதம், 250 நாயகர்களின் சிலைப்பூங்காவுக்குச் சிலை செய்ய அழைப்பு. ஒரு சிலைக்கு 2,00,000 டாலர் வரை.

சிக்கனம்தானே! பாட்டி பேசினால் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும், இடையில் காபி வேண்டும். போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்றிச் சொல்வாள். சிலைக்கு அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் கிடையாது.

பளிங்கு, கருங்கல், வெண்கலம், செம்பு, பித்தளை எதுவானாலும் சரி. உருவம் மட்டும் உயிரோடு நிற்பதுபோலவே இருக்க வேண்டுமாம்.

நல்கை பறிபோன பாட்டிமார் தாராளமாக விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் பித்தளைப் பூச்சு, அசையாமல் நிற்கத் தெம்பு. காபி கேட்காமல் இருந்தால் தேர்வு நிச்சயம்.