இண்டிகேட்டர் கோளாறை முழு வயரிங் வேலையாக வளர்ப்பது எப்படி?

அம்பாசடரோ, பத்மினியோ, மாருதி 800-ஓ, உங்கள் வண்டி எதுவானாலும் சரி, இடது இண்டிகேட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டதா? வாழ்த்துகள். இதை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேராதீர்கள். கீழே உள்ளதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள், தெரியும்.

1. வண்டியை விட்டு இறங்காதீர்கள். ‘டிக் டிக்’ வழக்கத்தைவிட வேகமாகக் கேட்கிறதா? பாட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், பின்னால் ஒரு பல்ப் எரியவில்லை என்பது கண்ணில் பட்டுவிடும். அதோடு விஷயம் முடிந்துபோகும். அந்த ஆபத்து நமக்கு வேண்டாம்.

2. பழியை ஃபிளாஷர் ரிலே மேல் போடுங்கள். பாவம், அது நல்ல ஜீவன். பழைய வகை ரிலேக்குள் இருக்கும் தகட்டைச் சூடாக்குவதே பல்புகள் இழுக்கும் கரண்ட்தான். சூடானால் வளையும், தொடர்பு விடும். ஆறினால் நிமிரும், தொடர்பு சேரும். ஒரு பல்ப் ஃபியூஸ் போனால் கரண்ட் குறைந்து தாளம் தப்பும். சிலதில் விளக்கு மினுக்காமல் எரிந்தபடியே நிற்கும். பிறகு வந்த எலக்ட்ரானிக் ரிலேயோ பல்ப் போனதைச் சொல்வதற்காகவே வேகமாக அடிக்கும். இப்படிப் புகார் சொல்ல வந்தவனையே பிடித்து உள்ளே போடுங்கள். சென்னைக்காரர் என்றால் ஜி.பி. ரோடில் புது ரிலே வாங்குங்கள். அதுவும் அதே வேகத்தில் அடித்தால், ‘இப்போ வர்றதெல்லாம் டூப்ளிகேட்’ என்று சொல்லிக்கொண்டே புதுப்பேட்டைக்குப் போய்ப் பழையது ஒன்று வாங்குங்கள்.

3. பல்பைத்தான் மாற்றியாக வேண்டும் என்றால், கையில் கிடைத்ததை மாட்டுங்கள். இண்டிகேட்டருக்கு 21 வாட், ஒரே இழை. பக்கத்திலுள்ள இரண்டு குமிழும் ஒரே மட்டத்தில் இருக்கும். பிரேக்கும் பார்க் லைட்டும் சேர்ந்த பல்புக்கு 21/5 வாட், இரண்டு இழை. குமிழ் ஒன்று மேலே, ஒன்று கீழே. மாற்றி மாட்டக் கூடாதென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். உங்களிடம் கட்டிங் பிளையர் இருக்கிறதல்லவா? அழுத்தித் திருகுங்கள்.

4. எர்த் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். இந்தக் கலையின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் கூடவே கண் சிமிட்டுகிறது. வண்டிக்குப் பேய் பிடிக்கவில்லை. ஹோல்டரிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் சரியில்லை. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்பின் இழை வழியாக வெளியேறுகிறது. டெயில் லாம்ப் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். இல்லை, பார்க்காதீர்கள். ரப்பர் மக்கி, போன மழைக்காலத் தண்ணீர் உள்ளே தேங்கி, ஹோல்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். எர்த் ஸ்க்ரூவைச் சுற்றித் துரு வட்டமாக ஏறியிருக்கும். அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கினால் பேய் ஓடிவிடும். அதற்குப் பதில் இரண்டாவது ரிலேயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவது வாங்குங்கள்.

5. ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறதா? டிக்கி மூடி மடங்கும் இடத்தில் வயர் தேய்ந்து பாடியில் உரசுகிறதா என்று தேடாதீர்கள். சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாளைச் சுற்றிச் செருகுங்கள். உருகுவதற்கென்றே வைத்த பொருள் ஃபியூஸ். அது உருகாவிட்டால் அந்தப் பொறுப்பை டேஷ்போர்டுக்குள் ஓடும் வயர் ஏற்றுக்கொள்ளும். இனி ஃபியூஸ் மாற்றும் செலவே கிடையாது.

6. எல்.இ.டி. போடுங்கள். இரண்டு 21 வாட் பல்புகள் சேர்ந்து ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் இழுக்கும். எல்.இ.டி. இழுப்பது அதில் ஒரு துளி. பல்ப் எல்லாம் செத்துவிட்டது என்று ரிலே அலறும். எல்.இ.டி.க்கென்றே ரிலே இருக்கிறது. அதை மாற்றுகிறவன் கோழை. லோடு ரெசிஸ்டர் வாங்கி, தொட்டால் கொப்புளிக்கும் அந்தச் சாமானைப் பிளாஸ்டிக் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

7. ஹசார்டைப் போட்டுச் சோதிக்காதீர்கள். ஹசார்டில் நான்கும் ஒழுங்காக மினுக்கினால் பல்ப், எர்த், பின்னால் போகும் வயர் எல்லாம் நலம். கோளாறு ஃபியூஸ், ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள சுவிட்ச் என்று நாலைந்து இடத்துக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சுலபமாகவா கண்டுபிடிப்பது? சில வண்டிகளில் இண்டிகேட்டர் கரண்ட்டே ஹசார்ட் சுவிட்ச் வழியாகத்தான் போகும். அதைப் பத்துத் தடவை அழுத்தி அழுத்தி விட்டால் உள்ளே படிந்த அழுக்கு நீங்கித் தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு. எனவே ஹசார்டை நாற்சந்தியில் நேராகப் போவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், எல்லோரையும் போல.

8. இப்போது வயர்களை வெட்டுங்கள். லூகாஸ் நிறவரிசைப்படி பிரிட்டிஷ் கார்களில் பச்சையில் சிவப்புக் கோடு இடது, பச்சையில் வெள்ளைக் கோடு வலது. உங்களுக்கு முன் மூன்று பேர் வைத்திருந்த வண்டியில் எல்லாமே கறுப்பு இன்சுலேஷன் டேப் நிறம்தான். வெட்டுமுன் போட்டோ எடுக்காதீர்கள், பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள். பல்லால் சீவி, முறுக்கி, டேப் சுற்றுங்கள். வெயில் ஏறினால் டேப் நழுவும், நழுவட்டும்.

9. இடையில் கை இருக்கிறது. வலப்பக்கம் திரும்பக் கையை நீட்டுங்கள். இடப்பக்கம் திரும்ப வலக்கையைச் சுழற்ற வேண்டும். பின்னால் வருகிறவர் நீங்கள் யாருக்கோ டாட்டா காட்டுகிறீர்கள் என்று நினைப்பார். மழை என்றால் பக்கத்து சீட்டில் ஒரு மச்சானை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர் கை நனையட்டும்.

10. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் நாளன்று எதையும் முன்கூட்டிச் சோதிக்காமல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிப் போங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் ‘லெஃப்ட் போடுங்க’ என்பார். போடுங்கள். வைப்பர் ஓடும். ‘பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு, ரைட் காட்டச் சொல்வதற்குள் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.