டேங்க் என்றால் எது?

1969-ல் என் சித்தப்பாவுக்கு ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை கிடைத்தது. அப்பத்தா தெருத்தெருவாகப் போய்ச் சொன்ன சேதி: "எம் மவன் மெட்ராசுல கம்மா கட்டப் போயிருக்கான்."

அவள் பேரில் தப்பில்லை. சிவகங்கைப் பக்கத்து எங்கள் ஊரில் டேங்க் என்ற சொல்லை அப்போது வாயில் வைத்திருந்தவர் ஒரே ஒருவர், பொதுப்பணித் துறை ஓவர்சியர். வருஷத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வருவார். கண்மாய்க் கரை மேல் நடந்து, மூன்று மடைகளையும் எண்ணி, மிகுதித் தண்ணீர் வழியும் கலிங்கில் நின்று ஒரு பெரிய பதிவேட்டைப் பிரித்துப் பார்த்து, "டேங்க் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆகவே அப்பத்தாவுக்கு டேங்க் என்றால் கம்மாய்.

சித்தப்பா பொங்கலுக்கு வந்தபோது அடுப்புக்கரியால் சுவரில் விஜயந்தா டாங்கியை வரைந்து காட்டினார். குழலும் சங்கிலிச் சக்கரமும் பார்த்த அப்பத்தா, "இதுல எங்கடா தண்ணி நிக்கும்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் அந்த வண்டியை ரகசியமாகச் செய்தபோது, வெளியே கசியாமல் இருக்க, பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று பேச்சைப் பரப்பினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சோம் போர்முனையில் அது முதன்முதலாக இறங்கியபோதும் அதன் பெயர் தண்ணீர்த் தொட்டிதான்.

சொல்லே நம் நாட்டிலிருந்து போனது என்பார்கள். குஜராத்தில் மழைத்தண்ணீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டிக்கு 'டாங்கா' என்று பெயர். அகமதாபாத்தின் பழைய வீடுகளில் முற்றத்துக்குக் கீழே இன்றும் இருக்கிறது. போர்த்துகீசியர்களின் 'தாங்க்கே'யும் அதோடு கலந்திருக்கலாம். எப்படியோ, வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் மாகாணத்தில் தேங்கி நின்ற தண்ணீருக்கெல்லாம் அந்த ஒரு பெயரையே வைத்தார்கள். கோயில் தெப்பக்குளமும் டேங்க், ஆயிரம் ஏக்கர் பாயும் ஏரியும் டேங்க். நம்முடைய கலிங்கை மட்டும் 'கலிங்குலா' என்று தங்கள் பொறியியல் ஏடுகளில் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்களிடம் ஈடான சொல் இல்லை போலிருக்கிறது.

எங்கள் ஊரில் அப்படி ஒரே பெயரில் முடித்துவிட முடியாது. வயலுக்குப் பாய்வது கம்மாய். அதையே வடக்கே ஏரி என்பார்கள், திருநெல்வேலியில் குளம் என்பார்கள். சின்னதாக இருந்தால் ஏந்தல், தாங்கல். வேடந்தாங்கலையும் பழவந்தாங்கலையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாடு குளிக்கக் குட்டை. குடிக்க ஊருணி; அதில் கால் நனைத்தால் பஞ்சாயத்தில் அபராதம். பெயரைச் சொன்னாலே அந்தத் தண்ணீரில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். பெயருக்குப் பின்னால் வேலையும் இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்திலேயே, குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. எங்கள் ஊரில் வாரியம் இல்லை, நீர்க்கட்டி இருந்தார்.

மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர். கண்மாய் நிறைந்து கிடக்கும் கார்த்திகையில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முங்கி, தூம்பில் அடைபட்ட சருகையும் சேற்றையும் கையாலேயே எடுப்பார். அவர் தலை மேலே வரும்வரை கரையில் யாரும் பேச மாட்டார்கள். தண்ணீர் குறைந்த வருஷம் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைப்பவரும் அவர்தான். எந்தப் பண்ணையாரும் ராத்திரியில் வரப்பை வெட்டிவிட முடியாதபடி மண்வெட்டியோடு காவல் இருப்பார். அறுப்புக் களத்தில் ஆளுக்கு இத்தனை மரக்கால் என்று நெல் அளப்பார்கள். அதுதான் கூலி.

இதை நினைத்து நான் உருகும்போதெல்லாம் இன்னொன்றையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். ஊருக்கே தண்ணீர் பங்கிட்ட அந்த மனிதர் ஊருணியில் குடத்தை முக்கக்கூடாது. அவர் வீட்டுப் பெண்கள் படிக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு, யாராவது இரங்கி ஊற்றும்வரை வெயிலில் நிற்பார்கள். என் அப்பா வயதுக்காரரான அந்த நீர்க்கட்டியை நான் 'அவன், இவன்' என்றுதான் பேசினேன். அப்படிப் பேசப் பழக்கியதும் அந்த ஊர்தான்.

1981-ல் வேலைக்காகச் சென்னை வந்தேன். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்தில் அறை. முதல் நாள் சாயங்காலம் குளிக்கலாம் என்று துண்டோடு கிளம்பி, "ஏரி எந்தப் பக்கம்ணே?" என்று டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் காலுக்குக் கீழே தரையைக் காட்டினார். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த லாங் டேங்க் என்ற ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் மிஞ்சியிருந்த ஏரியின் இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர்ப்பலகை மட்டும் அங்கே கரையைப் போல நிற்கிறது.

ஏரி போனாலும் டேங்க் போகவில்லை. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் ஏறியது. குஜராத்தின் கலோலில் பிறந்த கம்பெனியின் பெயர்தான் அது. கீழே சம்ப், தெருமுனையில் டேங்கர் லாரி, வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க். ஈழத்து நண்பர் ஒருவர் எதிர் அறையில் இருந்தார். அவர் தண்ணீர்த் தொட்டியைத் 'தாங்கி' என்பார். தாங்குவதால் தாங்கி. அந்தத் தமிழைக் கேட்டபோது, இங்கே நாமும் அப்படிச் சொல்லியிருக்கலாமே என்று ஏக்கமாக இருந்தது. தன் ஊரின் இரணைமடுக் குளத்தைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசுவார். போர் டாங்கியைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. கரைக்குள் நிற்க வேண்டிய ஏரிகளையெல்லாம் மனைகளாக்கிவிட்ட நகரத்தில் தண்ணீர் தெருவில்தான் நின்றது. எங்கள் குடியிருப்பில் சம்ப்புக்குள் சாக்கடை புகுந்தது. நான்கே வருஷத்தில், 2019 ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்க் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தது. வில்லிவாக்கத்துக்கும் ஓர் ஏரி உண்டு.

போன வருஷம் ஊருக்குப் போனேன். அங்கேயும் டேங்க்தான் பேச்சு. நான்கு தூண் மேல் நிற்கும் மேல்நிலைத் தொட்டி. அதைத் திறந்து மூடும் 'டேங்க் ஆபரேட்டர்' அந்த நீர்க்கட்டியின் பேரன். காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்தால் எல்லாத் தெருவுக்கும் ஒரே தண்ணீர், ஒரே நேரத்தில் வருகிறது. ஊருணிப் படியில் நடக்காத நீதி இந்த சிமெண்ட் தொட்டியில் நடக்கிறது. இதற்காக டேங்க் என்ற சொல்லை நான் இரு கையாலும் வரவேற்பேன்.

ஆனால் அவர் ஒரு பூட்டைக் காட்டினார். தொட்டியின் ஏணிக்குப் போடுவதாம். "வேங்கைவயலுக்கு அப்புறம் நானே வாங்கிப் போட்டேன் ஐயா" என்றார். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அவருடைய தம்பி மதுரையில் செப்டிக் டேங்க் லாரியில் வேலை பார்க்கிறார். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. "குழிக்குள்ள இறங்காதடான்னு போன்ல தினம் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார். தாத்தா தூம்புக்குள் முங்கியபோது கயிற்றைப் பிடிக்கவாவது ஊர் நின்றது.

அவரோடு கண்மாய்க் கரைக்கு நடந்தேன். உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம். கலிங்கின் மேல் யாரோ வைக்கோல் போர் வைத்திருக்கிறார்கள். ஓவர்சியர் அன்று கொண்டுவந்த பதிவேட்டுக்கு 'டேங்க் மெமோயர்' என்று பெயர். 1883-ல் ஏரிகளைச் சீரமைக்கத் தொடங்கிய திட்டத்தில், ஒவ்வோர் ஏரிக்கும் கொள்ளளவு, கரை நீளம், மடை, கலிங்கு எல்லாம் எழுதி வைத்தார்கள். தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் கணக்கில் இருக்கின்றன. எங்கள் கண்மாய்க்கு மூன்று மடை என்று ஏட்டில் எழுதியிருக்கிறது. அன்று ஆபரேட்டரும் நானும் கரையை இரண்டு முறை நடந்து எண்ணினோம். இரண்டுதான் இருக்கிறது.