குறைந்த மார்க் வாங்க வைப்பது எப்படி?

பிள்ளையைக் கோல்ஃபில் சேர்ப்பதற்கு முன்னால் அப்பா அம்மா மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த ஆட்டத்தில் மார்க் குறையக் குறையத்தான் மரியாதை. 72 எடுத்தவன் கெட்டிக்காரன். 104 எடுத்தவன் கடைசி பெஞ்சு. எல்.கே.ஜி. முதல் நூற்றுக்கு நூறு என்றே வளர்ந்த நமக்கு இது லேசில் ஒட்டாது. அவசரப்பட்டு மதுரைக்குப் போன் போட்டு "பையன் 104 எடுத்திருக்கான்" என்று சொல்லிவிடாதீர்கள். ஊரில் யாராவது ஒருத்தருக்குக் கோல்ஃப் தெரிந்து தொலைத்திருக்கும்.

சிட்னி வென்ட்வொர்த்வில்லிலும் மெல்பர்ன் கிளென் வேவர்லியிலும் இருக்கிற நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு நீச்சல் இருக்கிறது, வயலின் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, செலக்டிவ் பள்ளிப் பரீட்சைக்குக் கோச்சிங் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரையிலிருந்து பத்து வரை அது சும்மா தூங்குகிறதே என்று உங்களுக்கு அரித்துக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் கோல்ஃப். ஐந்து வயதிலேயே 'மைகோல்ஃப்' திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. இதைக் கேட்டுச் சிலருக்கு நம்பிக்கை போய்விடும், போகட்டும்.

"டாக்டராக வேண்டிய பிள்ளை கையில் கட்டையைக் கொடுக்கலாமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள். உலகத்தின் பெரிய கோல்ஃப் திடல்களை வரைந்த அலிஸ்டர் மெக்கன்சி டாக்டருக்குப் படித்தவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் மருத்துவராக இருந்தவர், கட்டுப் போட்ட நேரம் போக, எதிரிகள் பதுங்குகுழிகளைக் கண்ணில் படாமல் எப்படி மறைக்கிறார்கள் என்று கவனித்தார். ஊர் திரும்பி அந்த வித்தையை அப்பாவி மனிதர்களின் பந்துகளுக்கு எதிராகத் திருப்பிவிட்டார். 1926ல் மெல்பர்னுக்கு வந்தபோது ராயல் மெல்பர்ன் கிளப்பின் மேற்குத் திடலை வடிவமைத்தார். பிறகு அமெரிக்காவில், அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து, மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற அகஸ்டா திடல். அவர் திடலைத் தூரத்தில் நின்று பார்த்தால் வழவழவென்று புல்வெளிதான் தெரியும். பந்து விழுந்த பிறகுதான் அங்கே ஓர் ஆள் மட்டத்துக்கு மணல்குழி வாயைத் திறந்துகொண்டிருப்பது தெரியும்.

இன்னொரு டாக்டரும் இருக்கிறார். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு, சர்ஜன். இங்குள்ள கிளப்புகளில் சனிக்கிழமைப் போட்டிகள் பெரும்பாலும் அவர் பெயரிலுள்ள புள்ளிக் கணக்கில்தான் நடக்கின்றன. அதில் மட்டும் புள்ளி கூடினால் நல்லது, 36 வந்தால் திருப்தி. ஒரு குழியில் பதினாலு அடித்துச் சொதப்பினாலும் அந்தக் குழிக்குச் சைபர், அவ்வளவுதான். அடுத்த குழியில் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஆட்டக்காரரின் வலி தெரிந்த டாக்டர்.

சரி, சாமான். சட்டப்படி பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. சட்டம் உச்சவரம்பைத்தான் சொல்கிறது என்பதைத் துணைவியாரிடம் எடுத்துச் சொல்ல முயன்றேன். நான் சொன்ன முதல் வாக்கியமே "அவனுக்கு ஒரு டிரைவர் வாங்கணும்" என்பதால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. டிரைவர் என்றால் தூரமாக அடிக்கிற மட்டை, 'அயர்ன்' என்றால் இஸ்திரிப் பெட்டி இல்லை என்றெல்லாம் விளக்கி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் பழைய சாமான் விற்கும் தர்மக் கடையில் ஏழு மட்டை உள்ள பை ஒன்று கிடைத்தது. ஏழில் ஒன்று இடக்கை ஆட்டக்காரருக்கானது.

வாங்கியதைப் பாதுகாக்கும் விஷயத்தில் நாம் வெட்கப்பட வேண்டியதே இல்லை. டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிற வம்சம் நாம். இங்கிலாந்தில் இந்தியக் குடும்பத்தில் பிறந்த கோல்ஃப் வீரர் ஆரன் ராய் இன்றைக்கும் தன் அயர்ன் மட்டை ஒவ்வொன்றுக்கும் உறை போட்டுத்தான் கொண்டுபோகிறார். பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் செய்யாத காரியம். காரணம் அவரே சொல்லியிருக்கிறார். சின்ன வயதில், வசதிக்கு மீறி அப்பா நல்ல மட்டைகள் வாங்கிக் கொடுத்தாராம். ஆடி முடித்ததும் மட்டை முகத்துப் பள்ளங்களை ஒவ்வொன்றாக ஊசியாலும் குழந்தைக்குத் தடவுகிற எண்ணெயாலும் சுத்தம் செய்து, உறை மாட்டி வைப்பாராம். அந்தப் பையன் 2024ல் அமெரிக்காவில் விண்டம் சாம்பியன்ஷிப் ஜெயித்தான், உறையோடு. இந்தச் செய்தியை நான் வீட்டில் மூன்று தரம் வாசித்துக் காட்டினேன்.

அடுத்தது இடம். மெல்பர்ன் தென்கிழக்கில் மணற்பாங்கான பூமி, அதில் கிங்ஸ்டன் ஹீத், விக்டோரியா, மெட்ரோபாலிட்டன் என்று வரிசையாகப் பெரிய வீட்டுத் திடல்கள். உறுப்பினராவதற்குப் பணமும் வேண்டும், பரிந்துரைக்க ஆளும் வேண்டும், காத்திருக்க ஆயுளும் வேண்டும். அவற்றுக்குள் நுழையச் சுலபமான வழி, ஆஸ்திரேலியன் ஓப்பன் நடக்கும்போது டிக்கெட் வாங்குவதுதான். சாப்பாட்டுப் பை கட்டும்போது மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 2025 டிசம்பரில் ராயல் மெல்பர்னில் நடந்த ஓப்பனில், அதே வருஷம் மாஸ்டர்ஸ் ஜெயித்து வந்திருந்த ரோரி மெக்கில்ராயின் பந்து ஒரு வாழைப்பழத் தோலிடம் போய் மாட்டிக்கொண்டது. தோலை எடுத்துப் போட விதி அனுமதிக்கிறது. எடுக்கும்போது பந்து அசைந்தால் ஒரு அடி தண்டம். வாழைப்பழம் இல்லாமல் நாம் எந்த வெளியூருக்கும் கிளம்புவதில்லை; தோலை மட்டும் தயவுசெய்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். எந்தக் கமெண்டேட்டர் வாயிலும் நம் பெயர் விழ வேண்டாம்.

சிட்னிக்காரர்களுக்கு நகர நடுவில் மூர் பார்க் பொதுத் திடல் உண்டு. அதைப் பற்றிப் பேசும்முன் யார் வீட்டு விருந்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே 18 குழியை 9 ஆக்கி மிச்ச நிலத்தைப் பூங்காவாக்கப் போவதாக மாநில அரசு 2023 அக்டோபரில் அறிவித்தது முதல் சண்டைதான். பக்கத்து அடுக்குமாடியில் இருப்பவர்கள், நாலு பேர் பந்து அடிக்க இவ்வளவு நிலமா என்கிறார்கள். ஆடுகிறவர்கள், கூலி வேலைக்காரன் ஆடக்கூடிய திடலையா பிடுங்குவீர்கள் என்கிறார்கள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே படுகிறது. ஆகவே பந்தியில் உட்காரும்வரை பூங்காக் கட்சி, பாயசம் வந்ததும் கோல்ஃப் கட்சி.

விருந்தில் வாய் திறக்க உங்களுக்கும் கொஞ்சம் சரக்கு வேண்டும். மூன்று நாலு கதை போதும். 1996 மாஸ்டர்ஸில் ஆஸ்திரேலியாவின் கிரெக் நார்மன் கடைசி நாள் காலையில் ஆறு அடி முன்னிலையில் எழுந்தார். மாலையில் நிக் ஃபால்டோவிடம் ஐந்து அடியில் தோற்றிருந்தார். எல்லாப் பாடமும் படித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்ததும் மறந்துபோகிற பிள்ளை நம் எல்லார் வீட்டிலும் உண்டல்லவா, அந்த ரகம். மாஸ்டர்ஸ் ஜெயித்தவருக்குத் தரும் அகஸ்டாவின் பச்சைக் கோட்டை ஓர் ஆஸ்திரேலியர் போட 2013ல் ஆடம் ஸ்காட் வர வேண்டியிருந்தது. 2022ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்த கேமரன் ஸ்மித்தைப் பற்றிப் பேசினால், முன்னால் கத்தரித்துப் பின்னால் தோளில் புரளவிட்ட அந்தத் தலைமுடியைப் பிள்ளை காதுபடப் பாராட்டாதீர்கள். நான் பாராட்டினேன். சலூன் செலவு மிச்சம், மானம் செலவு.

பெர்த்தில் கொரியக் குடும்பத்து அக்கா தம்பி இருவர். அக்கா மின்ஜி லீ 2021, 2022, 2025 என்று மூன்று மேஜர், அதாவது உச்சப் போட்டிகள், ஜெயித்தாள். தம்பி மின் வூ லீ 2023ல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியன் பி.ஜி.ஏ. ஜெயிக்கும்போது கூட்டத்துக்காகச் சமையல்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டான். 2025ல் ஹூஸ்டன் ஓப்பனும் அவனுக்கே. "அக்காவைப் பாரு" என்ற வசனத்தை வீட்டில் புழங்குகிறவர்களுக்கு இவர்கள் இருவரும் பெரிய உதவி. பையன் திருப்பி "தொப்பியைப் பாருங்கப்பா" என்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்குப் பிடித்தது சிட்னிப் பெண் கிரேஸ் கிம் கதை. 2025 ஜூலை, பிரான்ஸில் ஏவியன் சாம்பியன்ஷிப். கடைசிக் குழியில், குழிக்கு வைத்த கணக்கைவிட இரண்டு அடி குறைத்து 'ஈகிள்' அடித்து, தாய்லாந்தின் ஜீனோ திதிகுலோடு சமன் செய்து பிளேஆஃபுக்கு வந்தாள். அதே குழியை மறுபடி ஆட வேண்டும். அடித்தாள், பந்து தண்ணீருக்குள். இந்த இடத்தில் நானாக இருந்தால் கார் சாவியைத் தேடியிருப்பேன். தண்டம் வாங்கிக்கொண்டு பந்தைக் கீழே போட்டாள், புல்லிலிருந்து சின்னதாக ஒரு தட்டு, பந்து நேராகக் குழிக்குள். பேர்டி. கணக்குக்கு ஓர் அடி குறைவு என்று பொருள். எதிராளியும் பேர்டி அடித்ததால் இன்னொரு தரம் அதே குழி. அதில் மறுபடி ஈகிள், கோப்பை. 'தண்ணீரில் விழுந்தால் என்ன?' என்று பிள்ளைக்குச் சொல்ல இதை எடுத்துக்கொள்ளலாம். என் பையன் இதைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் மூன்று பந்தைக் குளத்தில் விட்டான், மனசில் ஒரு துளிக் கவலை இல்லாமல்.

கூடவே சில சொற்கள். 'பார்' என்றால் பார்ப்பதில்லை, ஒரு குழிக்கு வைத்த கணக்கு. 'போகி' மார்கழிக் கடைசியில் வருவதில்லை, கணக்குக்கு ஓர் அடி கூடினால் அது போகி, இங்கே ஒவ்வொரு குழியிலும் வரும். ஹேண்டிகேப் என்பது கருணை மதிப்பெண், உச்சவரம்பு 54. அலுவலகத்தில் 'ஆம்ப்ரோஸ் டே' என்று அழைத்தால் தைரியமாகப் போங்கள்: அணியில் எல்லாரும் அடிப்பார்கள், நல்ல பந்து எங்கே விழுந்ததோ அங்கிருந்து எல்லாரும் மறுபடி அடிப்பார்கள். கூட்டுக்குடும்பம் மாதிரி, ஒருத்தர் சம்பாதித்தால் போதும். வருஷத்துக்கு ஒரு நல்ல அடி அடித்து அதைச் சொல்லியே காலம் தள்ளுகிறேன்.

முக்கியமான பாடம், பிள்ளை மட்டை ஓங்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. இதற்குத்தான் நம்மவர்களுக்குக் கோச்சிங் தேவை. போன செப்டம்பரில் ஊரிலிருந்து அப்பத்தா வந்திருந்தார். எங்கள் பேட்டைப் பொதுத் திடலுக்குக் கூட்டிப்போனேன். சேலைக்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே என் மழைக்கோட்டு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏன்டா, இம்புட்டு எடத்துல புல்ல வளத்துப்புட்டு ஒரு ஆடு கூடக் கட்டலையா?" என்றார். ஸ்காட்லாந்தில் முதலில் ஆடு மேய்ந்த பூமியில்தான் இந்த ஆட்டம் தொடங்கியது என்றேன். அதை ஏன் விட்டார்கள் என்றார். மெல்பர்ன் பக்கம் ஆங்கில்சீயில் ஒரு திடலில் கங்காருக் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்க நடுவில் ஆடுகிறார்கள் என்றதும்தான் முகம் தெளிந்தது.

அந்த மாதம் மேக்பைப் பறவை முட்டையிட்டு அடைகாக்கும் காலம். பின்னாலிருந்து வந்து தலையில் கொத்தும். மூன்றாவது குழியில் ஒன்று அப்பத்தாவைக் குறிபார்த்தது. கையில் இருந்த குடையைப் படக்கென்று விரித்தார். அதோடு பறவை போய்விட்டது. பக்கத்துத் திடலில் எவனோ தப்பாக அடித்துவிட்டு, பந்து வருகிறது ஒதுங்குங்கள் என்பதற்கு "ஃபோர்!" என்று கத்தினான். அப்பத்தா என்னைப் பார்த்தார். "போர் அடிக்குதுன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே, எதுக்குக் கத்தறான்?"

பையன் நாலாவது குழியில் மட்டையைச் சுற்றினான். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி சுற்றினான், புல் பறந்தது. அப்புறம்தான் பந்து கிளம்பியது. மட்டை படாவிட்டாலும் அடிக்கிற எண்ணத்தோடு சுற்றினால் அது கணக்கில் சேரும். குழியில் பந்து விழுந்ததும் ஸ்கோர் கார்டை நீட்டி, "எத்தனைடா?" என்றேன். "ஒன்பது." "ஏழுதானே, அந்த ரெண்டும் சும்மா சுத்திப் பாத்தது." "இல்லப்பா, அடிக்கத்தான் சுத்தினேன்." கார்டில் மார்க்கர் என்று கையெழுத்துப் போடவேண்டிய ஆள் நான். 9 என்று எழுதினேன். என் அப்பாவின் கையெழுத்தை நானே பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் போட்டுப் பழகிய அதே கை.

ஒன்பது குழி முடிந்தபோது கூட்டினால் 71. தேநீர் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அப்பத்தா மதுரைக்கு வீடியோ கால் போட்டுவிட்டார். திரையில் பெரியப்பா, காதில் கைவைத்துக்கொண்டு, "எழுபத்தொண்ணா? நூத்துக்கா?" என்று கேட்பது எனக்கே கேட்டது.

"நூத்துக்குத்தான்," என்றார் அப்பத்தா. "இன்னும் பாதிப் பரிச்சை இருக்காம்ல."